கறுத்தால் போலியா?

"அசல் தங்கம் கறுக்காது, கறுத்திருந்தால் அந்தப் பழைய கைக்கடிகாரம் போலி" என்று அடித்துச் சொல்கிறார்கள். சுத்தத் தங்கம் கறுக்காது, சரி. ஆனால் அதில் கடிகாரக் கூடு செய்தவர் யார்? மேசை விளிம்பில் பட்டாலே பள்ளம் விழுமே!

18 காரட்டில் ஆயிரத்துக்கு 750 பங்குதான் பொன். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பழைய பிரிட்டிஷ் கடிகாரங்களில் சாதாரணமாகக் காணும் 9 காரட்டிலோ பொன் வெறும் 375 பங்கு. வியர்வையின் உப்பும் காற்றிலுள்ள கந்தகமும் பிடிப்பது அந்த மீதியைத்தான். செம்பு அதிகமுள்ள ரோஸ் கோல்டில் மாற்றம் பளிச்சென்று தெரியும். நிறம் மாறுவது போலிக்கு மட்டுமே என்றால், ரோலெக்ஸ் 2005-இல் தன் எவரோஸ் என்னும் ரோஸ் கோல்ட் கலவையில் பிளாட்டினம் சேர்த்தது எதற்காம்?

சந்தேகம் இருந்தால் பின்மூடியைத் திறந்து பாருங்கள். 1995-க்கு முந்தைய சுவிஸ் கூடென்றால் 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா பெண் தலை, 14 காரட்டுக்கு அணில் முத்திரை இருக்கும். வார் மாட்டும் கொம்புகளின் முனை தேய்ந்து பித்தளை தெரிந்தால் அது முலாம், அல்லது தங்கத் தகடு போர்த்திய கூடு. அப்படியென்று முத்திரையிலேயே சொல்லி விற்றிருந்தால், அதுவும் போலி அல்ல.

"பாலிஷ் போட்டால் தீர்ந்தது" என்பவர்களிடம்தான் எனக்கு அதிகக் கோபம். கறை மேல்தோல்தான், மெல்லிய சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே பெரும்பாலும் போதும். பஃப் சக்கரமோ கூட்டின் கூர் விளிம்புகளையும் வெளியே குத்திய முத்திரையையும் சேர்த்தே வழித்துவிடும்.