முனை மழுங்கினால்...

என் சகோதரியின் மகன் இரும்புக் கதவுகள் செய்யும் பட்டறையொன்றில் தொழில் பழகி வருகிறான். அண்மையில் ஒரு கண்ணில் கட்டுடன் வீட்டுக்கு வந்து நின்றான். பதறிப்போய்க் காரணம் கேட்டேன்.

"பயப்படாதீங்க மாமா! டிரில் பிட்டுக்குச் சாணை பிடிக்கும்போது துகள் தெறித்துவிட்டது. டாக்டர் எடுத்துவிட்டார்" என்றான்.

"கண்ணாடி போடவில்லையா?"

"சுவரில் மாட்டியிருந்தது மாமா" என்றான் தலைகுனிந்து.

பார்வைக்குப் பழுதில்லை என்றறிந்த பின்னரே எனக்கு மூச்சு வந்தது. மறுநாள் அப்பட்டறைக்கே சென்றேன். அங்கிருந்த மூத்த தொழிலாளி எனக்குப் பொறுமையோடு செய்து காட்டியவற்றை, பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்ற முறுக்கு வடிவக் கருவியின் வழிவந்ததே இன்றைய டிரில் பிட். அதன் நுனியில் வெட்டும் விளிம்புகள் இரண்டு உண்டு. பொதுவான இரும்பு வேலைக்கு அவற்றின் இடைக்கோணம் 118 பாகை. பக்கத்துக்கு 59 பாகை.

சாணை பிடிப்பவர் பிட்டை அக்கோணத்தில் சாய்த்து, விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி சுழலும் கல்லில் மெல்லத் தொடச் செய்கிறார். தொட்டவுடன் வால்பகுதியைச் சற்றே தாழ்த்துகிறார். அதனால் விளிம்புக்குப் பின்னுள்ள பகுதி 8 முதல் 12 பாகை வரை சரிவாகத் தேய்கிறது. இச்சரிவு இல்லையேல் விளிம்பு இரும்பை வெட்டாது. வெறுமனே உராய்ந்து சூடேறும். பின்னர் பிட்டை அரைச்சுற்றுத் திருப்பி, மறுபக்கத்தையும் அதே அளவு தேய்க்கிறார்.

இரு விளிம்புகளும் நீளத்திலும் கோணத்திலும் சமமாக இருப்பதே இத்தொழிலின் உயிர். ஒன்று நீண்டுவிட்டால் முனை நடுவிலிருந்து விலகும். துளை பிட்டின் அளவைவிடப் பெரிதாகிவிடும். சோதித்தறிய எளிய வழியுண்டு. இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து வைத்தால் இடையே 120 பாகைப் பள்ளம் உண்டாகும். முனை அதில் ஏறத்தாழப் பொருந்தினால் கோணம் சரி.

சாதாரணக் கார்பன் எஃகுப் பிட் நீலநிறமாகும் அளவுக்குச் சூடேறினால் உறுதியை இழக்கும். அதை அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். ஹைஸ்பீடு எஃகு அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் கடுஞ்சூட்டில் நீரில் அமிழ்த்தினால் நுண்விரிசல் விழக்கூடும்.

இனிப் பாதுகாப்பு. கண்ணாடியின்றிக் கல்லருகே செல்லலாகாது. கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் ஆகா. சுழலும் கல் அவற்றைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். கல்லுக்கும் தாங்குபலகைக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. மிஞ்சினால் பிட் இடையில் சிக்கிக் கல்லே உடையக்கூடும். இயக்கும்போது கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும்.

சாணை பிடிக்கச் சோம்பி, மழுங்கிய பிட்டையே பலங்கொண்டு அழுத்துவோரும் உண்டு. அழுத்த அழுத்தப் பிட் சூடேறும்; இறுதியில் முறிந்து தெறிக்கும். கூர்மை செய்ய வேண்டிய வேலையைப் பலத்தால் செய்ய முனைவதன் விளைவு அது.

பெற்றோர்களே! வேலை முடிந்து வரும் பிள்ளையிடம், "இன்று கூலி எவ்வளவு?" என்று கேட்கிறோம். அதற்குமுன், "கண்ணாடி போட்டாயா?" என்று கேட்டுப் பழகுவோம். என் சகோதரி இப்போது தினமும் கேட்கிறாள்.