வாசல்வரை வரும் மருந்து



செப்டம்பர் 29 உலக இதய நாள். அதையொட்டி உங்கள் சந்தேகங்களை எழுதியனுப்பச் சொல்லியிருந்தோம். முட்டை மஞ்சள்கருவும் தேங்காயெண்ணெயும்தான் மேசையை நிறைக்கும் என்று நினைத்தேன். ஆனால் நிறையக் கடிதங்கள் மருந்து வாங்குகிற கதையைத்தான் பேசின. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "மகன் பெங்களூரிலிருந்தே போனில் ஆர்டர் போட்டுவிடுகிறான். மாதம் பிறந்தால் பிரஷர் மாத்திரை வாசலில். டாக்டரைப் பார்த்துத்தான் ரொம்ப நாளாயிற்று" என்று எழுதியிருக்கிறார். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. தலை வலித்தால்தான் பிரஷர் என்று நம்பி, வலிக்காத மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நிறுத்திய மறுநாளும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில் மாதங்கள் ஓடும். இதயத் தசையும் சிறுநீரகமும் அதற்குள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். மாத்திரை நின்றுபோவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. கூலிவேலைக்குப் போகிறவருக்குப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பது ஒருநாள் சம்பளம். முட்டிவலிக்காரப் பாட்டிக்கு பஸ் படிக்கட்டே ஒரு தடை.

இதைப் புரிந்துகொண்டு வந்த திட்டம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. இந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர் கொண்டுவரும் பையில் மாத்திரையோடு பிரஷர் பார்க்கும் கருவியும் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து அளந்து பார்ப்பார். "என்ன பெரியம்மா, போன மாசத்து அட்டை அப்படியே இருக்கே?" என்று கேட்பார். பெரியம்மாவால் மழுப்ப முடியாது.

செயலி வழியாக வரும் பொட்டலம் அந்தக் கேள்வியைக் கேட்காது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச்சில், உரிமம் பெற்ற கடைகள் மருத்துவர் சீட்டின் பேரில் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது எத்தனையோ முதியவர்கள் பிழைத்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய நிம்மதி. கேட்க ஆள் இல்லாத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், அட்டையில் இருக்கும் பெயர். டாக்டர் பிரஷருக்கு ஒரு கம்பெனியின் ஆம்லோடிபின் எழுதியிருப்பார். அது இருப்பில் இல்லையென்று வேறு கம்பெனியின் ஆம்லோடிபின் வந்து சேரும். கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு, அளவும் கொஞ்சம் சின்னது. பழைய அட்டையிலும் பாதி மிச்சம். தாத்தா இரண்டையும் இரண்டு வியாதிக்கான மாத்திரை என்று நினைத்துக் காலையில் சேர்த்தே விழுங்குவார். பிரஷர் இறங்கிப்போய், ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழி வழுக்கும் டைல்ஸ் மேல் விழும். எனவே பெரிய எழுத்துப் பிராண்டை விட்டுவிட்டு, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழப்பமாக இருந்தால் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடம் இரண்டு அட்டையையும் காட்டுங்கள். அவரிடம் வாங்கவில்லை என்ற சங்கடம் வேண்டாம், சொல்லிக்கொடுப்பார். முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை ஆர்டரோடு ஆர்டராகச் சேர்க்கும் பழக்கமும் வேண்டாம். அவை பிரஷரை ஏற்றும்.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் எழுதிக்கொடுத்திருந்தால், டாக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு ஆர்டர் போடுவது ஆபத்து. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் சில பகுதிகளில் படகுதான் ஓடியது, பைக்கில் யார் மருந்து கொண்டுவர முடியும்? கையில் பத்து நாளைக்கு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி, எந்தச் செயலியிலும் ஆர்டர் போடக்கூடாத நேரம். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ இழுக்கும் வலி, குப்பென்ற வியர்வை, மூச்சுத்திணறல். நம் வீடுகளில் இதற்கு உடனே 'வாயு' என்று பெயர் வைத்து, சோடாவும் சீரகத் தண்ணீரும் கொடுத்து ஒரு மணிநேரத்தைத் தொலைத்துவிடுவோம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரலாம். உடனே 108. தமிழ்நாட்டு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் வேளை மருந்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு இந்த 14ஐயும் நீங்களே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு ஆகாது. வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கு இதே ஆஸ்பிரின் வினையாகிவிடும்.

அந்த ஆசிரியை அம்மாவுக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கிறேன். மகனிடம் அடுத்த ஆர்டரோடு மேல்கை பிரஷர் கருவி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், அந்தத் தாளோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு அட்டவணை அச்சிட்டிருக்கிறோம். மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, தீரும் தேதி என்று ஐந்து கட்டங்கள். கத்தரித்து பீரோ கதவில் ஒட்டுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே போடச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்