பெண் கடலும் ஆண் கடலும்

சகோதரிகளே, திருச்சிக்காரிக்குக் கடலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் காவிரி. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் கால் நனைத்து, காதோலை கருகமணி விட்டு, சித்திரான்னம் சாப்பிட்டுவிட்டுக் கைலாசபுரம் திரும்பினால் அந்த வருஷத்துக் கடமை முடிந்தது. கடலைப் பார்ப்பதெல்லாம் வேளாங்கண்ணிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும்போதுதான்.

அப்படிப்பட்ட வீட்டில், 2025 பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பெண் போன் செய்தாள். "அம்மா, கோவளத்துல அலைச்சறுக்கு கத்துக் குடுக்கிறாங்க. நான் சேரப் போறேன்."

கையில் தோசைத் திருப்பியோடு நின்றுவிட்டேன். "ஏண்டி, கடல்லயா? பலகை மேல ஏறி நின்னுக்கிட்டா?"

"ஆமாம்மா. எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!"

தெரியும்தான். லால்குடியில் என் பிறந்த வீட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி என் அண்ணன் கற்றுக்கொடுத்த நீச்சல். கிணற்றில் அலை ஏது?

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஆத்துல இறங்கினாலே தலை எண்ணிக் கரையேத்துற ஊரு நம்மது. கடல்ல யாரு எண்ணுவா?"

என் பயத்துக்கும் காரணம் இருந்தது. 2024 மே 6ஆம் தேதியை எங்கள் ஊர்த் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியில் மருத்துவம் படித்துவந்த 5 இளம் பிள்ளைகள், கல்யாணத்துக்காக நாகர்கோவில் பக்கம் போனவர்கள், லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி மாண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அன்றைக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. எங்கோ தென் இந்துமாக்கடலில் வீசிய புயற்காற்று கிளப்பிய அலைகள், பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திருடனைப் போல வந்து கரையேறும். அதனால்தான் மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். படித்த பிள்ளைகளுக்கே தெரியாமல் போயிற்றே என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு.

என்னவர் நிதானமானவர். "வேண்டாம்னு சொன்னா சொல்லாமப் போவா. நாமளே போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றார். போனோம்.

கோவளம் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மீனவர் ஊர். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்க முன்நின்றார். இன்று அந்தக் கரையோரம் முழுவதும் பயிற்சி தருபவர்களில் பலர் மீனவ வீட்டுப் பிள்ளைகள்தாம். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. கட்டுமரத்தில் நின்றுகொண்டு அலை மேல் சறுக்கிக் கரை சேர்ந்த பரம்பரை அது. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லையே வெள்ளைக்காரன் தன் மொழிக்கு எடுத்துக்கொண்டு போனான்.

எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதல் அரை மணி நேரம் யாரையும் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இதுல எந்த இடத்துல பிள்ளைங்களைக் குளிக்க விடுவீங்க?" என்று கேட்டார்.

வலதுபுறமும் இடதுபுறமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவே ஒரு பாதை போல நுரையே இல்லாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாக இருந்தது. "அங்கதான் தம்பி" என்று அதைக் காட்டினேன்.

"எல்லா அம்மாவும் அதைத்தான் காட்டுறாங்க. ஆளை இழுக்கிறதே அங்கதாம்மா."

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

அலை கரைக்கு வரும்போது ஆழம் குறையக் குறைய அதன் அடிப்பகுதி தரையில் உரசித் தயங்குகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஆக, அலை உடைகிறதென்றால் அங்கே ஆழம் குறைவு, கீழே மணல் திட்டு இருக்கிறது என்று அர்த்தம். ஓயாமல் கரைக்கு வந்து சேரும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே! இரண்டு திட்டுகளுக்கு நடுவே பள்ளமான வாய்க்கால் வழியாக அது கடலுக்குள் ஓடுகிறது. பள்ளத்தில் அலை உடைவதில்லை. அதனால் நம் கண்ணுக்கு அமைதியாகத் தெரிகிறது. அந்த இழுவை நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில்கூட ஓடும். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது.

சிக்கினால் என்ன செய்வது? அது ஆளைக் கீழே அமுக்காது. வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். பதறாமல் மிதக்க வேண்டும். கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீட்டரில் ஓட்டம் விட்டுவிடும். பிறகு அலை உடையும் பக்கமாகத் திரும்பி வரலாம். மூழ்குகிறவர்களில் பலர் எதிர்த்து நீந்திக் களைத்துப் போனவர்கள்தாம்.

இதைத் தெரிந்துகொண்டு வந்தபின், நம் கடற்கரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் பார்த்தும் குறித்து வைத்தேன். உங்கள் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாவிட்டாலும், லீவு நாளில் குளிக்கக் கிளம்புவார்கள் அல்லவா?

முதலில் ராமேஸ்வரம். அங்கே வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகளை இலங்கை மறித்துக்கொள்வதாலும் ஆழம் குறைவு என்பதாலும் பெண் கடல் சாது. நாம் புண்ணியம் தேடி முங்கி எழும் அக்னி தீர்த்தம் இந்தப் பக்கம்தான். அலைச்சறுக்குக்கு அங்கே வேலையில்லை. அந்தப் பக்கத்துப் பிரப்பன்வலசையில் நின்றபடி துடுப்புப் போடும் பலகையும், காற்றாடி கட்டி ஓட்டும் பலகையும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் பெண் கடலுக்கும் கோபம் வரும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொந்தளிப்பது அதுதான். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முக்கியமாக, அக்னி தீர்த்தத்தில் முங்கிய தைரியத்தை வைத்துக்கொண்டு மற்றக் கடல்களை எடைபோடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான்.

கோவளம் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது, மணல் தரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் சின்ன அலை. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து பெரிய அலை வரும். அது தேர்ந்தவர்களின் காலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் புதியவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையொட்டிய அலை பெயர் பெற்றது. பாறைகள் உண்டு, உள்ளூர் ஆள் துணையில்லாமல் இறங்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இந்தியாவில் முதன்முறையாக இங்கேதான் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார்.

புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்திலும் கற்றுத்தருகிறார்கள். கரை அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களுக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது அங்கே தலையாய பாடம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம். 1542ல் வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் உண்டு. குன்றைச் சுற்றி வளைந்து வரும் அலை நீளமாக ஓடும். அழகு கொள்ளை அழகு. ஆனால் புதியவர்களுக்கு அல்ல. கன்னியாகுமரிக் கரையோ நேரே இந்துமாக்கடலைப் பார்த்து நிற்பது. அங்கே கண்ணால் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

கடல் தாண்டினால் இலங்கையில் பொத்துவில் பக்கம் அறுகம் குடா. உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே 2018ல் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களும் அதில் இருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. நம் மாமல்லபுரத்திலும் கமலி என்ற மீனவ வீட்டுப் பெண்ணையும் அவள் தாயையும் பற்றி 2019ல் ஒரு குறும்படம் வந்து, உலகமே பார்த்தது. பெண் பலகை மேல் ஏறி நிற்பதற்கு முன்னால், கரையில் ஒரு தாய் ஊர் வாயைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது!

இனி, என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவை:

1. கிளம்பும் முன் ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். கரையில் இருக்கும் மீனவரிடமும் கேளுங்கள்.

2. இறங்கும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து அலையைக் கவனியுங்கள். நுரையில்லாத பாதை எங்கே என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டுப் போலக் கற்றுக்கொள்வார்கள்.

3. சேலை, தாவணி, துப்பட்டாவோடு இறங்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றும். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் நல்லது.

4. கற்றுக்கொள்பவருக்கு மெத்தென்ற நுரைப் பலகைதான் வேண்டும். அதன் கயிறு கணுக்காலில் கட்டியிருக்க வேண்டும். நீச்சல் தெரியாமல் பலகை வேண்டாம்.

5. காலையிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீருக்குள் இருந்தாலும் உடம்பு வற்றும். மோரோ இளநீரோ கையோடு இருக்கட்டும்.

6. சொறி பட்டுவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீரால் அலம்பி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

7. ஒருவர் சிக்கினால் பதறி நீங்களும் குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது வீசுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், 108க்குச் சொல்லுங்கள். கரை சேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தப்பு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவே அமுக்க வேண்டும். இந்த முதலுதவியை ஒவ்வொரு தாயும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று என் பெண் பதினோரு முறை விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான், பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். பன்னிரண்டாம் முறை, மூன்று எண்ணுவதற்குள் என்றாலும், நின்றாள். நான் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவளை மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தில் இறங்கிய ஒன்பது தலைகளையும்.

ராத்திரி வீடு திரும்பியதும் மாமியார் கேட்டார். "என்ன, எண்ணினியா?"

"எண்ணினேன் அத்தை. ஒன்பது பேர் இறங்கினாங்க, ஒன்பது பேரும் ஏறினாங்க."

"அப்படின்னா போகட்டும்" என்றார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.