அச்சில் வந்தால் உண்மையா?

எங்கள் காலனியின் மாலைப் படிப்பகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கில நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்ததும், "இங்கிலீஷ் பேப்பர்லயே போட்டிருக்கு, அப்ப உண்மைதானே அக்கா?" என்றாள். ஆங்கிலத்தில் அச்சானாலே உண்மை என்ற நினைப்பு முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் போதும் என்று பாடமும் நின்றுவிடுகிறது.

தாய்மொழியில் இந்தப் பிள்ளைகள் ஏமாறுவதில்லை. 'அடித்தார்' என்பதற்கும் 'அடித்தாராம்' என்பதற்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியும். கண்டதையும் கேட்டதையும் அந்த 'ஆம்' பிரித்துவிடுகிறது. ஆங்கில வினையில் அப்படி ஒட்டு இல்லை. 'செட்', 'அலெஜ்ட்', 'அக்கார்டிங் டு' எனத் தனிச்சொல்லாக நிற்கும். கருத்தைக் காட்ட 'ஷுட்', 'பெஸ்ட்', 'லேஸி' போன்றவை வரும். தமிழில் அறிந்ததிலிருந்து தொடங்கினால் இவற்றைப் பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால், அடையாளச் சொல் இல்லாமலும் கருத்து வரும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இது தகவல். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. இதுவும் தகவல். கார் வைத்திருக்கும் வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என அந்தத் தீர்ப்பு கருதியது. இது கருத்து. பணக்காரர் இப்படிச் செய்யமாட்டார் என்பதை எந்தப் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்ப்பது? தீர்ப்பின் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் கருத்து தகவலாகிவிடாது.

சேரிக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியதை 'க்ளாஷ்' என்று எழுதினால், அந்த ஒற்றைச் சொல்லே இரு தரப்பும் சமம் என்ற கருத்தை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இதைச் சொல்வது யார்? எதை வைத்துச் சரிபார்க்கலாம்? இதே சேதியை அடிபட்டவர் எந்தச் சொல்லால் சொல்வார்? கருத்து என்றாலே தவறு என்றும் கற்பிக்க வேண்டாம். கருத்துக்குச் சான்று கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

இந்தப் பத்தியும் கருத்துதான். இதில் எவை தகவல், எவை என் எண்ணம் என்று வகுப்பில் பிள்ளைகள் கோடிட்டுப் பார்க்கட்டும்.