உடுக்கையின் இடுப்பு

‘பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்’ என்று எழுதிவிட்டு, அதிகாரத்தைக் கண்டித்த நிறைவோடு பேனாவை மூடிவைக்கும் வழக்கம் நம் எழுத்துலகில் இன்னும் ஓயவில்லை. இவ்வுவமையை நாங்கள் ஏற்க மறுக்கிறோம். இது கடலின் மீது சுமத்தப்படும் அவதூறு. பெரிய மீன் பசிக்குத் தின்கிறது. தின்று தீர்ப்பவன் மனிதன்.

நமீபியக் கடலைப் பாருங்கள். பெங்குவேலா நீரோட்டம் பாயும் அக்கரையோரம், ஆழத்துச் சத்துகள் மேலெழுந்து மிதவை உயிரிகளைப் பெருக்கும் வளமான கடல். கீழே அவ்வுயிரிகள், மேலே பெருமீன்கள், கடற்பறவைகள், கடல்நாய்கள். இரண்டையும் இணைத்து நடுவில், உடுக்கையின் இடுப்புபோல், சாளையும் நெத்தலியும். 1968இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 14 லட்சம் டன் சாளை வாரப்பட்டது. டப்பாவில் அடைபட்டது போக, பெருமளவு ஆலைகளில் மீன்தூளாக அரைபட்டது. நாடு அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. 1990இல் விடுதலை பெற்ற மக்களின் கைக்கு வந்தது, இடுப்பொடிந்த கடல்.

சாளை போன இடம் காலியாக இருக்கவில்லை. சொறிமீன்கள் பெருகின. 2006இல் வெளியான ஆய்வொன்று, அக்கடலில் சொறிமீன்கள் 1.2 கோடி டன், மீன்கள் 36 லட்சம் டன் என மதிப்பிட்டது. மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் சொறிமீன்கள் உண்பதால், சாளை திரும்பிவரும் வழியும் அடைபடுகிறது. கொழுப்புமிக்க சாளையை உண்டு வளர்ந்த பெங்குவின்கள், சத்துக் குறைந்த உழுவை இனத்து மீனைத் தேடிப் பிழைக்க வேண்டியதாயிற்று. 2018இல் நமீபியா சாளை பிடிக்கத் தடை விதித்தது. 2024இல் ஆப்பிரிக்கப் பெங்குவின், அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

‘சாளை இயல்பாகவே பெருகியும் குறைந்தும் வருவது; வலையை மட்டும் பழிப்பானேன்?’ என்பார்கள். முன்பாதி உண்மையே. நீரின் வெப்பம் மாறினால் சாளை குறையும். குறையும் காலத்தில் கையை எடுத்திருந்தால் அது மீண்டிருக்கக்கூடும். சரிவிலும் வலையை இறக்கியதே எங்கள் குற்றச்சாட்டு. நலிந்தவனை அடித்துவிட்டு, ‘அவன் முன்பே நோயாளி’ என்று வாதிடுவது எந்த நீதி?

சின்ன மீன், மலிவு மீன், கோழித் தீவனத்துக்கான மீன் என்று பெயரிட்டே அதன் அழிவுக்கு ஒப்புதல் தருகிறோம். சொல்லைக் கையாள்பவர்களாகிய நமக்கு இதில் பங்கில்லையா? இனி அவ்வுவமையை எழுதுமுன் ஒரு கணம் யோசிப்போம்: சின்ன மீன் இல்லாத கடலில் பெரிய மீனும் இல்லை. மிஞ்சுவது சொறிமீனும் நாமும்தான்.