போய் வருகிறேன் என்று சொல்லும் வீடு

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘போறேன்’ என்று சொன்னால் கும்பகோணத்து அம்மாக்களுக்குச் சுருக்கென்று இருக்கும். ‘போறேன்னு சொல்லாதப்பா, போயிட்டு வரேன்னு சொல்லு’ என்பார்கள். நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்படிச் சொல்லி வளர்த்த ஓர் அம்மாவின் மகன் பதினான்கு வருடங்களாக டோக்கியோவில் இருக்கிறார். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை. போன புதிதில் அவரை ஆச்சரியப்படுத்தியது புல்லட் ரயிலோ, உயரமான கட்டடங்களோ இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை. ‘இத்தெகிமாஸ்.’

பிரித்துப் பார்த்தால், ‘போய், வருகிறேன்.’ உள்ளே இருந்து அந்தப் பையனின் அம்மா சொன்ன பதில், ‘இத்தெராஷ்ஷாய்.’ அதாவது, ‘போய் வா.’

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். “அட, நம்மள மாதிரியே சொல்றாங்களா?” என்று அம்மாவுக்கும் ஒரே சந்தோஷம். ஆனாலும், அடுத்த கேள்வி வழக்கமானதுதான். “சரி, நீ எப்ப வீட்டுக்கு வர்றே?”

அம்மாவின் அகராதியில் வீடு என்றால் கும்பகோணம் வீடு மட்டும்தான். டோக்கியோவில் மகன் கல்யாணம் முடித்து மனைவியோடு குடித்தனம் வைத்த இடம், பேத்தி தவழ்ந்து நடந்த இடம் எல்லாம் அவருக்கு ‘அங்கே’தான். ‘அங்கே குளிரா?’, ‘அங்கே பாப்பா சாப்பிட்டாளா?’ பதினான்கு வருடங்களில் ஒருநாளும் அந்த ‘அங்கே’ மாறியதில்லை. மகனுக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. கேட்டால், அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ‘இங்கே சும்மா வேலைக்கு வந்திருக்கோம்.’

அவர்கள் குடியிருப்பது டோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் உள்ள நிஷி-காசாய். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு நின்றுவிடுமோ என்று உலகமே பயந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் சரிசெய்யும் வேலைக்காக ஜப்பானுக்குப் போன இந்திய இன்ஜினீயர்கள் பலர் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். இன்றைக்கு அங்கே துவரம்பருப்பும் கடுகும் கிடைக்கும். தீபாவளியும் நடக்கும். டோசாய் ரயில் பாதை ஒன்றுதான் கொடுமை. 2019-ல் அந்தப் பாதையின் ஒரு பகுதியில் காலை நேர நெரிசலை 199 சதவீதம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதாவது நூறு பேருக்கான இடத்தில் ஏறக்குறைய இருநூறு பேர். அந்த ரயிலைத் திட்டாத நாளே அவருக்குக் கிடையாது.

சென்ற நவம்பரில் அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். டுசல்டார்ஃப் நகரில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் ‘மெடிக்கா’ கண்காட்சிக்கு. மருத்துவக் கருவித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு மகாமகம். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கடை விரிக்கும். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள். போகும் முன்பே மேலதிகாரி காதில் ஒரு விஷயம் போட்டுவைத்தார். ஐரோப்பாவுக்கு ஒரு பொறுப்பாளர் தேவை. மூன்று வருடம் டுசல்டார்ஃபில் இருக்க வேண்டும். பதவி உயர்வு, வீடு, மகளின் படிப்புச் செலவு எல்லாம் உண்டு. “ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் பேசுவோம்.”

“என்னங்க, நல்ல வாய்ப்புதானே? பாத்துட்டு வாங்க” என்றாள் மனைவி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து ‘இத்தெராஷ்ஷாய்’ சொல்லிக் கையாட்டினாள்.

ரஷ்ய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், 2022-லிருந்து டோக்கியோவிலிருந்து ஐரோப்பா போக முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. சுமார் பதினான்கு மணி நேரம் பறந்து ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கினார். அங்கிருந்து ரயில். நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் வந்தது. பிறகு அது ஐம்பது ஆனது. பக்கத்தில் நின்றவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். ஜப்பானின் புல்லட் ரயிலில் சராசரித் தாமதமே ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். கும்பகோணம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்து ரயிலுக்குக் காத்திருந்தவர்தான் அவரும். ஆனாலும், ஐம்பது நிமிடத்துக்கு அப்படி எரிச்சல் வந்தது. ‘எப்போதிருந்து நாம் இப்படி ஆனோம்?’ என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடைகளுக்கு ஓய்வு. சட்டமே அப்படி. ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் போன்ற சில இடங்களுக்குத்தான் விலக்கு. டோக்கியோவில் நடுராத்திரி இரண்டு மணிக்கும் தெருமுனைக் கடை திறந்திருக்கும். சூடாக ஏதாவது கிடைக்கும். இங்கே அகலமான, சுத்தமான தெருவில் அவர் ஒருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தார். சாப்பிடப் போன இடத்தில் தண்ணீர் கேட்டதற்கு, நுரைத்துக்கொண்டு சோடா வந்தது. அதற்குக் காசும் போட்டார்கள். டோக்கியோவில் உட்கார்ந்ததுமே குடிக்கத் தண்ணீரும் கை துடைக்க ஈரத்துண்டும் கேட்காமலே வரும்.

இதெல்லாம் குறையே இல்லை, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று அவருக்குத் தெரியும். ஞாயிறு மாலை ரைன் நதிக்கரையில் தாத்தா, பாட்டி, பேரக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாகக் காலாற நடந்தார்கள். கடை திறந்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் கடைக்குள் இருந்திருப்பார்கள். அதையும் அவர் கவனித்தார்.

மறுநாள் காலை ஏழே முக்கால் வரை விடியவில்லை. கண்காட்சி அரங்கில் ஓயாத பேச்சு. ஜெர்மானியர்கள் நல்லவர்கள், நேரடியாகப் பேசுபவர்கள். ‘விலை அதிகம், வேண்டாம்’ என்றால் அதோடு முடிந்தது. ஜப்பானியர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘யோசித்துப் பார்க்கிறோம்’ என்பார்கள். அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்பது போல. இந்தச் சூட்சுமம் புரிந்த ஒரே காரணத்தால் டோக்கியோ அலுவலகத்தில் அவர் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார். ஜப்பானிய மொழியும் அவருக்குச் சுலபமாகவே வந்தது. தமிழைப் போலவே அதிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்பதை அதே வரிசையில் மாற்றினால் போதும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று எழுதினார். மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால், அந்த ஒற்றுமை அன்றாடம் அவருக்குச் சோறு போட்டது.

திங்கள் மாலை களைத்துப்போய் ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தபோது ஒரு தெருப் பலகை கண்ணில் பட்டது. ஜெர்மன் மொழியில் ‘இம்மர்மன்ஷ்ட்ராசெ’. அதோடு ஜப்பானிய எழுத்திலும் அதே பெயர். தெரு முழுக்க ஜப்பானியக் கடைகள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, ரூர் பகுதியின் இரும்பையும் இயந்திரங்களையும் வாங்க 1950-களில் ஜப்பானிய வியாபாரிகள் இந்த நகருக்கு வந்தார்கள். பிறகு குடும்பங்கள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, புத்தர் கோயிலும் வந்தது. இன்று இந்த நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள் வாழ்கிறார்கள்.

ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோணமாகச் சோற்று உருண்டைகள். ஒனிகிரி. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவருக்கு ஜப்பானில் முதல் வருடம் பெரும்பாடு. சாறு, குழம்பு எதுவானாலும் அடியில் மீன் சாறு இருக்கும். அப்போது அவரைக் காப்பாற்றியது, நடுவில் ‘உமேபோஷி’ வைத்த ஒனிகிரிதான். உப்பில் ஊறிய புளிப்புப் பழம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வரும்.

வாங்கி, அங்கேயே நின்றபடி ஒரு வாய் கடித்தார். தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இட்லியைப் பார்த்துக் கண் கலங்கினால் புரிந்துகொள்ளலாம். கும்பகோணத்துக்காரர் ஒருவர், ஜெர்மனியில் நின்றுகொண்டு, ஜப்பான் சோற்று உருண்டைக்கு ஏங்குவதை யாரிடம் சொல்வது?

கல்லாவில் இருந்த வயதான அம்மா, இவர் ஜப்பானிய மொழியில் பேசியதைக் கேட்டு அதிசயித்தார். அவர் 1970-களில் கணவரின் வேலைக்காக ஐந்து வருடத்துக்கு என்று வந்தவராம். “முதல் வருடம் தினமும் அழுதேன்” என்றார் சிரித்தபடி. “இப்போது டோக்கியோ போனால் தங்கையின் வீட்டில் மூன்று நாள்தான் இருக்க முடிகிறது. ஷின்ஜுகு ஸ்டேஷனில் எந்த வாசலில் வெளியே வருவது என்றே தெரியவில்லை.” இருநூறு வாசல்கள் உள்ள ஸ்டேஷன் அது. இவருக்கு அதில் வழி தெரியும். அந்த எண்ணம் வந்ததும் மனசுக்குள் ஏதோ அசைந்தது.

அன்றிரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தார். அங்கே காலை ஆறு. மகள் தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். “அப்பா, அங்கே போனா நான் திரும்பவும் புது ஃபிரெண்ட்ஸ் தேடணுமா?” அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பதில் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

மறுநாள் காலை அம்மாவுக்குப் பேசினார். கும்பகோணத்தில் காலை பதினொன்று. ஹாம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருப்பதைச் சொன்னார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. “அம்மன் இருக்கற ஊருன்னா தைரியமா போலாமேப்பா.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், “எது நமக்குக் கிட்ட? இதுவா, அதுவா?”

“ரெண்டும் தூரம்தாம்மா” என்றார் மகன். ஒனிகிரி விஷயத்தைச் சொல்ல நினைத்து, தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா மனசு நொந்துவிட்டாரோ என்று பயந்தார்.

“பதினாலு வருஷமா சாப்பிட்ட சாப்பாடு இல்லையா. தேடத்தான் செய்யும்” என்றார் அம்மா. பிறகு பக்கத்து வீட்டு வளைகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

டோக்கியோ திரும்பும் முன்பே மேலதிகாரியின் போன் வந்தது. ‘யோசித்துப் பார்க்கிறேன்’ என்று சொல்லியிருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால், நான்கு நாள் ஜெர்மானியர்களோடு பழகியதாலோ என்னவோ, “இல்லை சார், என்னால் வர முடியாது” என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். மறுமுனையில் நீண்ட மௌனம். அந்தப் பதவி அவரைவிட நான்கு வருடம் இளையவருக்குப் போனது. அதில் அவருக்கு வலி இல்லாமல் இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

சனிக்கிழமை மாலை நெரிசலான டோசாய் ரயிலில் பெட்டியோடு நசுங்கி, நிஷி-காசாயில் இறங்கினார். கதவைத் திறந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே ‘ததாய்மா’ என்றார். வீடு திரும்புகிறவர் சொல்லும் சொல், ‘இதோ வந்துவிட்டேன்.’ உள்ளே இருந்து மகள் ‘ஒகாயெரி’ என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வந்தாச்சா, வாங்க என்று அர்த்தம்.

பெட்டியை உள்ளே வைப்பதற்குள் போன் அடித்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா.

“என்னப்பா, வீட்டுக்கு வந்து சேந்துட்டியா?”

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அம்மா கவனித்துத்தான் சொன்னாரா, வாயில் தானாக வந்த வார்த்தையா என்று தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

“வந்துட்டேம்மா” என்றார்.