சோவியத்தை ரஷ்யா என்று மொழிபெயர்க்காதீர்!

நவம்பர் புரட்சி நாளையொட்டித் தாராவியில் நடந்த கிளைக் கூட்டம் முடிந்து நான் வாஷிக்குப் புறப்பட்டபோது, மூத்த தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். ஐ.டி.ஐ. முடித்த அவருடைய மகனுக்கு ரஷ்யாவில் ‘உதவியாளர்’ வேலை வாங்கித் தருவதாக முகவர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருக்கிறது. படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆங்கிலத்தின் வழியாகவே மொழிபெயர்ப்பவன் நான். ரஷ்ய மொழி அறியேன். என் தயக்கத்தைக் கண்டு அவரே சொன்னார்: “ரஷ்யாதானே தோழர், நம்ம நாடு மாதிரி. என்ன பயம்?”

அந்த நம்பிக்கையை விதைத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவேதான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கட்சி ஏடுகளுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் நெடுங்காலமாக மொழிபெயர்த்து வருகிறேன். மூலத்தில் ‘சோவியத் ஒன்றியம்’ என்றிருந்த இடங்களில் பலமுறை ‘ரஷ்யா’ என்றே எழுதியிருக்கிறேன். சிறிய சொல், வாசகருக்குப் பழகிய சொல், வரியில் இடமும் மிச்சம். ஜார் வீழ்ந்ததைப் பாடிய பாரதியே ‘புதிய ருஷியா’ என்றுதானே தலைப்பிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். சோவியத் ஒன்றியம் பிறந்தது 1922 டிசம்பர் 30இல். பிறவாத நாட்டின் பெயரை அவன் எழுதியிருக்க இயலாது. எனக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

நம் வீட்டு அலமாரிகளில் எஞ்சியிருக்கும் முன்னேற்றப் பதிப்பக, ராதுகா நூல்களை எடுத்துப் பாருங்கள். ‘ரஷ்ய இலக்கியம்’ என்ற பெயரில் நாம் அடுக்கி வைத்தவற்றுள் ‘ஜமீலா’வும் ‘குல்சாரி’யும் எழுதிய ஐத்மாத்தவ் கிர்கீஸியர். நம் தலைமுறைக்கு ‘வீரம் விளைந்தது’ தந்த அஸ்திரோவ்ஸ்கி உக்ரைன் கிராமமொன்றில் பிறந்தவர். அவருடைய பாவெல் வளர்ந்ததும் உக்ரைனிய மண்ணில்தான். ரசூல் கம்சதோவ் பாடியது அவார் மொழியில். பதினைந்து குடியரசுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளும் சேர்ந்து வளர்த்த பண்பாட்டை ஒற்றைப் பெயருக்குள் அடைத்துவிட்டோம். தென்னவர் அனைவரையும் ‘மதராசி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிய அரசியலை இதே மும்பையில் எதிர்த்து நின்ற நாம், இந்தப் பிழையை எப்படிச் செய்தோம்?

இது வெறும் சொற்பிழை அன்று, அரசியல் பிழை. பெருந்தேசிய இன ஆணவத்தை லெனின் அளவுக்குச் சினந்து எழுதியவர் அரிது. உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதையே 1876ஆம் ஆண்டின் ஆணையால் ஜார் அரசு முடக்கியது. பண்ணையடிமையாகப் பிறந்த கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவைப் படைவீரனாக்கி நாடு கடத்தி, எழுதவும் வரையவும் தடை விதித்தது. அந்தச் சிறைக்கூடத்தை உடைக்கவே தேசிய இனங்களுக்குப் பிரிந்து போகும் உரிமை வேண்டும் என்றார் லெனின். நோய்ப்படுக்கையில் கிடந்த 1922 டிசம்பரிலும், பேரினவாதம் பற்றிய எச்சரிக்கையைச் சொல்லி எழுதவைத்தார். அந்த எச்சரிக்கை பின்னாளில் மதிக்கப்படவில்லை என்பதையும், 1930களில் உக்ரைனிய எழுத்தாளர் பலர் ஒழிக்கப்பட்டனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தன் பிழையைப் பேசும் துணிவு இயக்கத்தைத் தளரச் செய்யாது.

இன்றைய மாஸ்கோ எந்த மரபின் வாரிசு? 2022 பிப்ரவரி 21 அன்று புதின் ஆற்றிய உரையைத் தோழர்கள் படிக்க வேண்டும். உக்ரைன் என்பதே போல்ஷெவிக்குகள், குறிப்பாக லெனின், உண்டாக்கிய நாடு என்று அதில் அவர் குற்றஞ்சாட்டினார். உண்மையான ‘கம்யூனிச நீக்கம்’ எதுவென்று காட்ட ஆயத்தமாக இருப்பதாகவும் அறிவித்தார். மூன்றாம் நாள் போர் தொடங்கியது. 1919இல் சோவியத் அரசைக் கவிழ்க்க மாஸ்கோவை நோக்கிப் படை நடத்திய வெள்ளைத் தளபதி தெனிகினின் எச்சங்கள், 2005இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு மாஸ்கோவின் தொன்ஸ்கோய் மடத்தில் மரியாதையுடன் புதைக்கப்பட்டதும் இவருடைய ஆட்சியில்தான். தெனிகினுக்கு மாலையும் லெனினுக்கு வசையும் தரும் அரசைச் சோவியத்தின் வாரிசு என்று நாம் கொண்டாடுவது என்ன முறை?

அந்த அரசு பிறந்த கதையும் மறக்கத் தக்கதன்று. 1991 மார்ச்சில் நடந்த பொதுவாக்கெடுப்பை ஆறு குடியரசுகள் புறக்கணித்தன. மற்றவற்றில் வாக்களித்தோரில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்றனர். அதே ஆண்டு டிசம்பர் 8இல் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் என்னும் மூன்று ஸ்லாவியக் குடியரசுகளின் தலைவர்கள் காட்டு மாளிகை ஒன்றில் கூடி ஒன்றியத்துக்கு முடிவுரை எழுதினர். பின்னர் வந்தது கொள்ளை. எண்ணெயும் உருக்கும் நிக்கலும் அடிமாட்டு விலைக்குச் சிலர் கைக்குப் போயின. 1990இல் ஏறத்தாழ 64 ஆக இருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 1994இல் 58க்கும் கீழே சரிந்தது. அந்தக் கொள்ளைக்கூட்டத்தைப் புதின் ஒழிக்கவில்லை. தன் சொற்படி நடக்கும் கூட்டமாக ஒழுங்குபடுத்தினார்.

“அப்படியானால் தோழர் நேட்டோவின் பக்கமா?” என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். வார்சா ஒப்பந்தம் கலைந்த பின்னும் நேட்டோ கலையவில்லை. 1999இல் மூன்று நாடுகளையும் 2004இல் ஏழு நாடுகளையும் விழுங்கி ரஷ்ய எல்லை வரை வந்தது. கீவ் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. லெனின் சிலைகளைச் சாய்த்தது. ஒதெஸாவில் 2014 மே 2 அன்று தொழிற்சங்க மாளிகைத் தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றையெல்லாம் உரக்கச் சொல்வோம். ஆயினும் ஒரு கொள்ளையன் தெருவில் நிற்கிறான் என்பதற்காக, வீட்டுக்குள் புகுந்த இன்னொருவன் காவலனாகிவிட மாட்டான். 1914இல் போரிட்ட எந்த அரசுக்கும் லெனின் வாழ்த்துப் பாடவில்லை. தன் நாட்டு அரசுக்கும் பாடவில்லை.

நாம் குழம்பி நிற்கும் வெளியில் பிறர் புகுந்து அறுவடை செய்கிறார்கள். காட்கோபர் சிராக் நகர்க் குடிசையில் வாழ்ந்த மக்கள் பாடகர் அண்ணாபாவ் சாத்தே நம் தோழர். செங்கொடிக் கலைக்குழுவின் தூண். ஸ்டாலின்கிராடு வீரத்தைப் பவாடாவாகப் பாடியவர். 1961இல் சோவியத் நாடு சென்று வந்து, ‘என் ரஷ்யப் பயணம்’ என்றே பெயரிட்டு நூல் எழுதினார். இந்தப் பிழையில் நான் தனியன் அல்லன். 2022 செப்டம்பரில், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மாஸ்கோவில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் பா.ஜ.க.வைச் சேர்ந்த அன்றைய மகாராஷ்டிரத் துணை முதல்வர். செங்கொடியை உருவிவிட்டுச் சாத்தேயை மட்டும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ‘இந்திய – ரஷ்ய நட்பு’ என்ற போர்வை போதுமானதாக இருக்கிறது.

அந்த நட்பின் கணக்கையும் பார்ப்போம். போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ரஷ்யப் பங்கு, பின்னர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி விலையின் இலாபம் சுத்திகரிப்பு முதலாளிகளுக்குப் போயிற்று. மும்பையில் பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. உழைப்பவனுக்குக் கிடைத்த பங்கு வேறு. வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கின்படி, ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இந்தியர் 126 பேர். மாண்டவர் 12 பேர். காணாமற்போனவர் 16 பேர்.

பிலாயில் உருக்காலையும் பவாயில் தொழில்நுட்பக் கழகமும் எழ உதவிய நாடு வேறு. நம் பிள்ளையைப் பதுங்குகுழிக்கு அனுப்பும் நாடு வேறு. முன்னது வரலாற்றில் இருக்கிறது. அதை நேசிப்போம், பிழைகளோடு சேர்த்துக் கற்போம். பின்னதற்கு நாம் எவ்விதக் கடனும் படவில்லை. ரஷ்ய, உக்ரைனிய உழைப்பாளிகளுக்கே நம் தோழமை. அவர்களைக் கொன்று குவிக்கும் இரு தரப்பு முதலாளிகளுக்கும் அன்று.

நம் ஏடுகளில், மேடைகளில், வகுப்புகளில் இனி ‘சோவியத்’ என்ற இடத்தில் ‘சோவியத்’ என்றே சொல்வோம். நானும் என் பழைய மொழிபெயர்ப்புகளைத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன். தாராவித் தோழரிடமும் இவற்றையெல்லாம் உட்கார்ந்து பேசிவிட்டேன். அவர் மகன் இன்னும் கையெழுத்திடவில்லை.